மச்சான் கொடுத்த இரத்தம்

கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, என்னைப் பற்றி உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். வாய்க்காரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது பொய்யில்லை. பாலியல் நோய் கிளினிக்கில் தாதியாக இருந்த காலம் முழுக்க நான் மெதுவாகப் பேசியது அந்தச் சின்ன அறைக்குள் மட்டும்தான், அதுவும் கதவைச் சாத்திய பிறகு. வெளியில் வந்தால் என் சத்தம் வாவிக்கு அக்கரையிலும் கேட்கும் என்று எங்கள் டொக்டர் பகிடி பண்ணுவார். அந்த வாய் ஒருமுறை ஒரு குழந்தையைக் காப்பாற்றியது. பெருமையடிக்கத்தான் இதை எழுதுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது? நீங்களும் ஒருநாள் இப்படிப் பெருமையடிக்க வேண்டும்.

இரத்தம் எடுப்பது, குழாயில் இலக்கம் ஒட்டுவது எல்லாம் உங்களுக்குப் படிப்பித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பெறுபேறு கைக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி. அந்தத் தாளில் ஒரு சொல்தான் இருக்கும். அதை வாசிக்க எழுத்துத் தெரிந்த எவராலும் முடியும். அது யாருடையது, எந்த நாளுக்குரியது என்று தெரிந்து வாசிப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

சுதன் என்று ஒரு பொடியன் வந்தான். பெயர்களை மாற்றித்தான் சொல்வேன், நீங்களும் அப்படியே பழகுங்கள். வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகு இயந்திரம் திருத்துகிறவன். கலியாணம் முடித்து நாவற்குடாவில் மனைவி வீட்டில் இருக்கிறான். ஒரு படகின் இயந்திரத்தோடு வேறொரு துறைமுகத்துக்குப் போன இடத்தில், வேலை முடிந்து, குடித்து, ஒரு பெண்ணிடம் போயிருக்கிறான். ஆணுறையும் இல்லை, யோசனையும் இல்லை. இரண்டு கிழமை கழித்து எங்களிடம் வந்தபோது சேட்டெல்லாம் வேர்வை. சம்பவம் நடந்து மூன்று நாளுக்குள் வந்திருந்தால் எச்.ஐ.வி. வராமல் தடுக்க மருந்து தொடங்கியிருக்கலாம். அந்த நேரத்தை அவன் யோசித்தே கழித்துவிட்டான்.

இரத்தம் பார்த்தோம். ஒன்றுமில்லை என்று வந்தது. பொடியன் கதிரையை விட்டு எழும்பி என்னைக் கும்பிட்டே விட்டான். நான் அவனை இருக்கச் சொன்னேன்.

“இந்தப் பேப்பர் நீ அங்க போக முந்தி எப்பிடி இருந்தாய் எண்டுதான் சொல்லுது, மகன். போனதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு இதுக்கு இன்னும் தெரியாது. தெரிய நாள் எடுக்கும்.”

ஆறு கிழமை முடிய ஒருமுறை, மூன்று மாதம் முடிய ஒருமுறை வரவேண்டும், அதுவரைக்கும் மனைவியிடம் ஆணுறை இல்லாமல் போகக்கூடாது என்று விளங்கப்படுத்தினேன். அவன் முகம் செத்துப்போனது. பிள்ளைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிற வீடு அது. திடீரென்று ஆணுறையோடு போய் நின்றால் அவள் என்னவென்று கேட்கமாட்டாளா? நான் இரண்டொரு வழி சொல்லிப் பார்த்தேன். எதுவும் சரிவரவில்லை. கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். வீட்டுக்குப் போய், இந்த வருடம் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போக நேர்த்தி வைத்திருக்கிறேன், இன்றிலிருந்து விரதம் என்று சொல்லிவிட்டான்.

மாமியாருக்கு வந்த சந்தோசத்தைக் கேட்கவேண்டுமா? மீன் சமைத்த சட்டியெல்லாம் கொல்லைக்குப் போய்விட்டது. மருமகனுக்குத் தனிப் பாய், தனிச் செம்பு, விடிய முழுக்கு. துறைமுகத்தில் நாள் முழுக்க மீனுக்குள் நிற்கிறவன் வீட்டில் பூசணிக்காய் தின்றுகொண்டிருந்தான். அவன் இதை எனக்குச் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பு வெளி வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் நேர்த்தி என்று சொன்னால் நடக்கத்தானே வேண்டும். ஊரிலிருந்து கூட்டம் கிளம்ப, இவனும் கிளம்பவேண்டி வந்துவிட்டது. ஆறு கிழமை முடிந்து இரத்தம் கொடுக்கவேண்டிய நாளில் அவன் உகந்தையைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான். சொன்ன நாளுக்கு வராவிட்டால் போனில் இல்லை, நேரில் வந்து பிடிப்பேன் என்று நான் வெருட்டியிருந்தேன். அந்தப் பயத்தில் போகமுதல் தன் மச்சானைப் பிடித்திருக்கிறான். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ரூபன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் என்றும், விரதத்தில் இரத்தம் கொடுக்கக்கூடாது என்றும், இந்தக் கார்ட்டைக் கொண்டுபோய் நீங்கள் கொடுத்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறான். அந்த மனிதனும் நம்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் கார்ட்டில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான். வருகிறவர்களின் மானத்தைக் காக்க வைத்த ஏற்பாடு அது. வாசலிலும் அறை இலக்கம் மட்டும்தான் இருக்கும். ஆகவே ரூபனுக்குத் தான் எந்தக் கிளினிக்குக்கு வந்திருக்கிறேன் என்றே தெரியாது. நான் அன்றைக்கு வெளிக்கள வேலையில் இருந்தேன். மேசையில் இருந்த புதுப் பிள்ளை கார்ட்டைப் பார்த்தது, இலக்கம் சரி, எடுத்துவிட்டது. இப்போது உங்களைப் பிறந்த திகதியும் கேட்கச் சொல்கிறார்கள் அல்லவா? அந்த வழக்கம் இந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்ததுதான்.

பெறுபேறு வந்தது. சிபிலிசுக்குப் பொசிட்டிவ். இரத்தத்தை மேலும் மேலும் நீர்க்கச் செய்து பார்த்தும் நோயின் அடையாளம் விட்டுக்கொடுக்கவில்லை. உறுதிப்படுத்துகிற இரண்டாவது பரிசோதனையும் அதையே சொன்னது. இந்தப் பொடியன் இனி அந்த மனைவிக்கு என்ன சொல்லப்போகிறானோ என்று நினைத்துக்கொண்டுதான் அவனைக் கூப்பிட்டேன்.

வந்தான். வெயிலில் கறுத்து, காலில் துணி சுற்றி, நெற்றி நிறைய விபூதி. முருகன் என்னைக் கைவிடமாட்டார் மிஸ்ஸி என்று சிரிக்கிறான். நான் தாளைக் கவிழ்த்து வைத்திருந்தேன். பிள்ளைகளே, இதை மட்டும் மறக்கவேண்டாம். தாளைத் திருப்பமுதல் ஆளோடு கதையுங்கள். நான் எப்போதும் கதைப்பேன். காட்டுக்குள் எப்போது இறங்கினீர்கள், தண்ணீர் கிடைத்ததா, யானை கண்டாயா என்று சும்மா கேட்டேன். அவனும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனான். காட்டு வழி திறந்த அன்றே இறங்கிவிட்டோம் என்றான். நான் மனதுக்குள் நாளைக் கூட்டிப் பார்த்தேன். அது எங்களிடம் இரத்தம் எடுத்த நாளுக்கு முந்தின நாள். காட்டைக் கடக்கவே நாலைந்து நாள் வேண்டும்.

“எந்தக் கையில ரத்தம் எடுத்தவங்க?”

அவன் வலக்கையைப் பார்த்தான். பிறகு இடக்கையைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான்.

“நான் குடுக்கயில்ல, மிஸ்ஸி. மச்சான்தான் குடுத்தவர்.” பிறகு என்னைத் தேற்றுகிறமாதிரி, “ஒண்டும் பயமில்ல. எங்கட குடும்பத்திலயே சுத்தமான ஆள் அவர். சிகரெட் கூடப் பத்தமாட்டார்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் ஒரு கேள்வி கேட்டேன், மச்சான் கலியாணம் முடித்தவரா என்று. ஓம், தன்னாமுனையில் முடித்து அங்கேதான் இருக்கிறார், பெண்சாதிக்கு இப்போது ஏழு மாதம் என்றான்.

இப்போது நான் நின்ற இடத்தில் நீங்கள் நின்று பாருங்கள். மேசையில் கவிழ்ந்து கிடக்கிற தாள் இவனுடையதில்லை. அது யாருடையதோ அவருடைய அனுமதி இல்லாமல் பார்க்கப்பட்டது. இவன் அதை அறியவே கூடாது. ஆனால் அந்த ஆள் உடனே இங்கே வரவேண்டும், ஏனென்றால் ஒரு வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை இருக்கிறது. தாய்க்குத் தொற்றியிருந்தால் பிள்ளை செத்தும் பிறக்கலாம், குறையோடும் பிறக்கலாம். பிரசவத்துக்கு ஒரு மாதமாவது இருக்கும்போதே ஊசி போட்டால் பெரும்பாலும் தப்பிவிடும். அவசரம் காட்டினால் சுதன் பிடித்துக்கொள்வான். ஒன்றுமில்லை என்றால் அது பொய். அவனோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், “ரிப்போட் நல்லாத்தானே இருக்கும்?” என்று.

அப்போதுதான் என் வாய் உதவிக்கு வந்தது. நான் எழும்பி நின்று ஏசத் தொடங்கினேன். அறைக்கு வெளியே கேட்கிறமாதிரியான ஏச்சு, ஆனால் பெயரோ நோயோ ஒரு சொல் வராத ஏச்சு. கார்ட் என்றால் விளையாட்டா, ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் கைநீட்ட இதென்ன பள்ளிக்கூட வரவுப் பதிவா, உங்கள் இரண்டு பேருக்கும் மூளை எங்கே என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அந்தத் தாள் உனக்குரியதில்லை, அதை நீ கேட்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது என்றேன்.

“நாளைக்கே உன்ட மச்சானக் கூட்டிக்கொண்டு வா. ரெண்டு பேரும் எனக்கு முன்னால நிண்டு விளங்கப்படுத்துங்க. வராட்டி டொக்டரிட்ட எழுதிக் குடுப்பன்.”

அவனுடைய சொந்த இரத்தத்தை அன்றே எடுத்து அனுப்பிவிட்டேன். கிளினிக்கே அதிர்ந்துபோய் இருந்தது. கிழவிக்கு இன்றைக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு அவன் போயிருப்பான். அதுதான் எனக்கும் வேண்டியது.

அடுத்த நாள் இரண்டு மச்சான்மாரும் வந்தார்கள். ரூபனை மட்டும் உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினேன். வாட்டசாட்டமான மனிதன். வாழைச்சேனையிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓட்டுகிறவர். நான் வாய் திறக்கமுதல் மன்னிப்புக் கேட்டார். உண்மையில் மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் நாங்கள். இது என்ன கிளினிக், உங்கள் இரத்தத்தில் என்ன பார்க்கப்பட்டது, உங்களிடம் கேட்காமல் பார்த்தது பிழை என்று முதலில் சொன்னேன். பெறுபேறு என்னிடம் இருக்கிறது, அறிய விருப்பமா என்று கேட்டேன். அவர் எழும்பிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சொல்லச் சொன்னார்.

சொன்னேன். அவர் மறுக்கவில்லை. நாலு மாதத்துக்கு முதல் கொழும்பில் ஒருதரம் என்றார். கொஞ்ச நாளில் ஒரு புண் வந்ததாம். நோகவில்லையாம், தானாகக் காய்ந்துவிட்டதாம். பிறகு உள்ளங்கை நிறையச் சிவப்புப் புள்ளி. “ஐஸ் தூக்கினதில வந்தது எண்டு நினைச்சன், மிஸ்ஸி” என்றார். உப்பும் ஐசும் மீன் முள்ளும் படுகிற கைதானே, யாருக்குச் சந்தேகம் வரும்? அதுவும் தானாக மறைந்துவிட்டது. இந்த நோய் அப்படித்தான். போய்விட்டமாதிரி நடிக்கும்.

மனைவியைக் கூட்டிவரவேண்டும் என்றபோதுதான் மனிதன் உடைந்தார். இரண்டாம் மாதத்தில் அவளுடைய இரத்தம் பார்த்தார்கள், நல்லதென்று கிளினிக் கார்ட்டில் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். அந்தப் பெறுபேறு பொய்யில்லை, ஆனால் அது அந்த நாளுக்குரியது, நீங்கள் கொழும்புக்குப் போனது அதற்குப் பிறகு என்றேன். அப்போது அவர் கேட்ட ஒன்றை நீங்களும் ஒருநாள் கேட்கப்போகிறீர்கள்.

“வேற பேர் சொல்லிப் போடேலாதா, மிஸ்ஸி? விற்றமின் ஊசி எண்டு? அவட வீடு அது. தெரிஞ்சா நான் பையோட வெளியால போகவேண்டியதுதான்.”

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கோபித்துக்கொண்டாலும் அவன்தான் வெளியே போகவேண்டும், பிழை விட்டாலும் அவன்தான் போகவேண்டும். அவர் பயம் எனக்கு விளங்கியது. பொய் சொல்லி ஊசி போட்டுவிட்டால் எல்லாருக்கும் சுகம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றாமல் இல்லை. ஆனால் அவளுக்கு என்னவென்று தெரியாமல் ஊசி போட்டால், அடுத்த இரத்தம் எப்படிப் பார்ப்பது? பிள்ளை பிறந்த பிறகு பிள்ளையை எப்படிப் பார்ப்பது?

“உன்ட மச்சான் பொய் சொல்லி உன்ட ரத்தத்த எடுத்தார். நீ பொய் சொல்லி அவட உடம்பில ஊசி போடச் சொல்றாய். ஒண்ணா, அது நடக்காது. நீயே கூட்டிக்கொண்டு வா. சொல்றதுக்கு நான் பக்கத்தில இருக்கன்.”

அவருக்கு அன்றே ஊசி போட்டு அனுப்பினோம். வெளியே வராந்தா வாங்கில் சுதன் இருந்தான். இவருக்கு அவன் கதை ஓரளவு விளங்கிவிட்டது. அவனுக்கும் இவர் முகத்தில் ஏதோ விளங்கியிருக்கும். இருவரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளாமல் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள். எனக்கு இன்றைக்கும் நினைத்தால் சிரிப்புத்தான்.

அந்தக் கிழமை முடியமுதல் ரூபன் மனைவியைக் கூட்டிவந்தார். நிலானி என்று வையுங்கள். மெலிந்த பிள்ளை, வயிறு மட்டும் பெரிதாக. அவர் தலையைக் குனிந்துகொண்டு தன் வாயாலேயே சொன்னார். அந்தத் துணிவுக்கு அவருக்கு ஒரு புள்ளி கொடுத்தேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று நான் தண்ணீர்க் கிளாசோடு தயாராக இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஊசி போட்டா புள்ளைக்குச் சரிவருமா?”

“இப்ப போட்டா வரும் எண்டு நம்பலாம்.”

“அப்ப ரத்தத்தப் பாருங்க, ஊசியப் போடுங்க. இவர்ட கதைய மறுகா பாப்பம்.”

அவளுடைய இரத்தமும் பொசிட்டிவ்தான். ஊசி போட்டோம். அவளுக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர் ஓடியது. எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல் இருந்தது, பிடித்தேன். போகும்போது கணவனிடம் ஒரு சொல் சொன்னாள், இன்றிலிருந்து உங்கள் அம்மா வீட்டில் போய் இருங்கள் என்று. ஊர் கேட்டால், பேறுகாலத்துக்கு ஆட்கள் வந்து நிறைந்துவிட்டார்கள், படுக்க இடமில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் அம்மா வீடு என்பது நாவற்குடாவில் தங்கை வீடுதான். அங்கே ஏற்கெனவே ஒரு மச்சான், மூன்று மாதம் முடியும்வரைக்கும் விரதத்தை நீட்டிவிட்டு, காத்துக்கொண்டிருந்தான்.

சுதனின் கதையையும் முடித்துவிடுகிறேன். மூன்று மாதம் முடிந்தும் அவனுக்கு ஒன்றுமில்லை. அன்றைக்குக் கும்பிட்டபோது நான் தடுக்கவில்லை. விரதம் முடிந்ததில் மாமியாருக்குத்தான் கவலை.

நிலானிக்கு மகள் பிறந்தாள். சுகப்பிரசவம், நல்ல நிறை, அழுத அழுகையில் வார்ட்டே எழும்பியதாம். அடுத்த நாள் எனக்குப் போன் வந்தது. நிலானிதான். குரல் செத்துக் கிடந்தது. குழந்தையின் இரத்தத்தைப் பார்த்தார்களாம், பிள்ளைக்கும் பொசிட்டிவ் என்று யாரோ வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். அவள் பால் கொடுக்கவும் பயந்து இருக்கிறாள். ஓட்டோ பிடித்துக்கொண்டு ஓடினேன்.

வார்ட்டில் எல்லாரும் நான் ஏசப்போகிறேன் என்று எதிர்பார்த்தார்கள். அன்றைக்கு ஏச எனக்கு நேரமில்லை. தாயின் பெறுபேறையும் பிள்ளையின் பெறுபேறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தாயுடையதில் பலமாக இருந்தது, பிள்ளையுடையதில் மங்கலாக இருந்தது. கட்டில் ஓரத்தில் இருந்து அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னேன்.

“இது புள்ளட நோய் இல்ல, மகள். உன்ட உடம்பு அதோட சண்டை பிடிச்ச அடையாளம் கொடியால புள்ளைக்குப் போயிருக்கு. மாசம் போகப் போகக் கரையும். கரையாட்டித்தான் நாம யோசிக்கோணும். இப்ப பாலக் குடு.”

குழந்தை வைத்தியர் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. இனித் தவறாமல் இரத்தம் பார்த்துக்கொண்டு வரவேண்டும் என்றார். நான் துணிந்து சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் பதைப்புத்தான். கரையும் என்று தெரியும். கரைவதைக் கண்ணால் காணும்வரைக்கும் தெரிந்ததெல்லாம் தாளில் படித்ததுதானே.

அடுத்த முறை குறைந்திருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் குறைந்தது. ஒவ்வொரு முறையும் நிலானி பிள்ளையோடு உள்ளே வருவாள். ரூபன் குடையோடு வெளிக் கேற்றடியில் நிற்பார். உள்ளே வரச் சொல்லி அவளும் கூப்பிடுவதில்லை, அவரும் கேட்பதில்லை. அவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவர் நாவற்குடாவுக்குப் போய்விடுவார்.

பிள்ளை தவழத் தொடங்கிய பிறகு வந்த பெறுபேற்றைத் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்கு நான் திகதியையும் பார்த்தேன், இலக்கத்தையும் பார்த்தேன், பிறந்த நாளையும் பார்த்தேன், மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். நிலானியிடம் தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வாயால் சொல்லுங்கள் என்றாள்.

“உன்ட புள்ளைக்கு ஒண்டுமில்ல. இனி ஒண்டுமில்ல.”

சொல்லிவிட்டு நான் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். பிள்ளை திடுக்கிட்டு வீரிட்டது. டொக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நான் அழுதேன், அவளும் அழுதாள். நோய் மாறினாலும், உறுதிப்படுத்துகிற அந்த இரண்டாவது பரிசோதனை உனக்கு ஆயுள் முழுக்கப் பொசிட்டிவ் என்றே காட்டும், யாராவது பயமுறுத்தினால் இந்தச் சிகிச்சைக் கார்ட்டைக் காட்டு என்று அந்த அழுகைக்குள்ளும் சொல்லிவைத்தேன். எங்கள் வேலை அப்படி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேற்றடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான். ரூபன் குடையை விரித்தார். அவள் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.

“பின்னேரம் உடுப்புப் பைய எடுத்துக்கொண்டு வீட்ட வாங்க.”

அந்த மனிதனுக்கு விளங்கவில்லை. எந்த வீட்டுக்கு என்று கேட்டார்.

“உங்கட மகள்ட வீட்டுக்கு” என்றாள் நிலானி.